ஓடாத தேரும் ஓர் இலுப்பை மரமும்

அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டேதான் சொல்கிறேன், கிட்டே வந்து உட்காருங்க பசங்களா. மிக்சி நின்றுபோச்சு. மோட்டார் போயிடுச்சு, புதுசு மாத்தணும் என்று உங்கப்பா அதைப் பைக்குள் வைத்துக் கட்டுகிறார். அதைப் பார்த்ததும் இந்தக் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

ராஜாவே இறங்கி வந்து வடம் பிடிக்கிற காலத்தில், ஒரு ராஜா இருந்தார். ஒரு திருவிழாவில் அவர் ஊர்த் தேர் நகரவே இல்லை. இழுத்தார்கள், நகரவில்லை. மறுபடி இழுத்தார்கள், நகரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தார்கள், வடம்தான் அறுந்தது.

தளபதி, "ஆள் பத்தலை மகாராஜா" என்றார். யானை வந்து முட்டியது. அசையவில்லை.

ஜோசியர், "திருஷ்டி மகாராஜா" என்றார். சக்கரத்துக்கு முன்னால் பூசணிக்காயாகப் போட்டு உடைத்தார்கள். மாலை மாலையாகக் குவித்தார்கள். அப்பவும் அசையவில்லை.

மந்திரி குனியக்கூட இல்லை. "அச்சு முறிஞ்சிருக்கு. புது அச்சுக்கு ஊரிலேயே பெரிய மரமா வெட்டணும்" என்றார்.

பெரிய மரம் செங்கமலத்தின் இலுப்பைதான். புருஷன் இல்லாதவள். அந்தக் கொட்டையை ஆட்டி, எண்ணெய் விற்றுத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். கோடரிச் சத்தம் கேட்டதும் தலைவிரி கோலமாகத் தேரடிக்கு ஓடிவந்தாள்.

"மரத்தை வெட்டிட்டு எங்களை எதுக்கு மிச்சம் வைக்கிறீங்க? இந்தத் தேரை என் மேலேயே ஏத்துங்க!" என்று சக்கரத்துக்கு முன்னால், பூக்குவியலில் தலைகுப்புற விழுந்தாள்.

டொக்!

"ஐயோ, என் மண்டை!"

கூட்டம் பதறிப்போய்ப் பூவை விலக்கியது. பூசணிச் சதையை வழித்தது. அடியில் முட்டுக்கட்டை! போன வருஷம் தேர் நிலைக்கு வந்தபோது, உருளாமல் இருக்க வைத்த கட்டை. இவன் எடுத்திருப்பான் என்று அவன், அவன் எடுத்திருப்பான் என்று இவன். யாருமே எடுக்கவில்லை.

அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கட்டையை உருவினார்கள். அவ்வளவுதான், யானை கைவைக்காமலே தேர் குலுங்கி நகர்ந்தது.

"வெட்டாதீங்கடா! ஓடுங்க, நிறுத்துங்க!" ராஜா கத்தினார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் செங்கமலம் வீடு இருக்கிற தெற்குத் தெருவில் மடமடவென்று மரம் சாய்கிற சத்தம். அத்தனை பறவையும் ஒன்றாக வானத்துக்கு எழும்பியது.

செங்கமலம் அழக்கூட இல்லை. கையை நெற்றி வீக்கத்தில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"ஒரு தடவை குனிஞ்சு பார்க்க உமக்கு இடுப்பு வளையலையாய்யா?" என்று ராஜா கேட்டார். மந்திரி அப்போதுதான் குனிந்தார், தரையைப் பார்த்து.

ராஜா தன் களஞ்சியத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஆயுசுக்கும் நெல் அளந்தார். ஆனால் விழுந்த மரத்தை எந்த ராஜாவாலும் நிமிர்த்த முடியவில்லை.

எது கெட்டது என்று குனிந்து பார்க்காமல், பெரிய செலவுக்குக் கை ஓங்கக் கூடாது.

இருங்க, உங்கப்பா கூப்பிடுகிறார். கதை காதில் விழுந்திருக்கும் போல, மிக்சியைக் கவிழ்த்து அடியிலே இருக்கிற, சூடேறி நின்னா மறுபடி ஓட வைக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினாராம், அது கிர்ர்ரென்று ஓடுதாம்!