துண்டுக்குள் ஒரு பேரம்

"தாயே, போகவா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கேட்டவள் சிவக்கொழுந்து. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மை அவளுடைய குரு. ஆனால் வயதில் சிவக்கொழுந்தைவிட இளையவள்.

"எங்கே?"

"தளவாய் கூப்பிடுறான்."

அந்த நாட்டில் படைத்தலைவனான தளவாய் வைத்ததுதான் சட்டம். பெண்பிள்ளை தெருவில் நின்று கேள்வி கேட்கக் கூடாது என்பதும் அவன் வைத்ததுதான்.

சிவக்கொழுந்தின் தங்கை பூங்காவனம் கேட்டுவிட்டாள். "காவலர் இழுத்துப் போன நெசவுக்காரப் பெண்கள் எங்கே?"

அன்றிலிருந்து கோட்டைச் சிறையில் கிடக்கிறாள்.

"நான் தனியா உள்ளறைக்கு வரணுமாம். அந்தப் பெண்கள் தாங்களாவே ஓடிப்போயிட்டாங்கன்னு சொல்லணுமாம். சொன்னா தங்கச்சியைக் கையோட கூட்டிட்டுப் போகலாம். வெளியில யாருக்கும் தெரியாதாம்."

"நல்ல பேரம்தான்."

"அப்போ போகவா?"

"சந்தைக்கு வா, அக்கா."

தங்கச்சி அங்கே சாகக் கிடக்கிறாள், இவளுக்குச் சந்தை கேட்கிறது! முணுமுணுத்தபடி சிவக்கொழுந்து பின்னால் போனாள்.

மாட்டுச் சந்தையில் இரண்டு தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பசு அசைபோட்டது.

"விலை யாருக்குத் தெரியும்?"

"அவங்க ரெண்டு பேருக்கும்."

"பசுவுக்கு?"

"என்ன தாயே கேள்வி இது!"

வெள்ளையம்மை துண்டை வெடுக்கென்று உருவினாள். நெருப்புப் பட்டதுபோல் கைகள் பிரிந்தன. சந்தையே திரும்பியது.

"ஏம்மா, அறிவிருக்கா? படியுற பேரத்தைக் கெடுத்திட்டியே! துண்டைக் குடு!" துண்டுக்காரத் தரகன் கத்தினான்.

அவள் துண்டைச் சிவக்கொழுந்தின் தோளில் போட்டாள்.

"ஓடு."

"எங்கே ஓட? போகவா வேண்டாமான்னுதானே கேட்டேன்?"

"ஓடுக்கா!"

துண்டு போனால் தரகனுக்குப் பாதி உயிர் போச்சு. அவன் துரத்தினான். சிவக்கொழுந்து ஒன்றும் புரியாமல் ஓடினாள். கால் தானாகக் கோட்டைப் பக்கம் திரும்பியது. தரகன் பின்னால் மற்றத் தரகன், கயிறு விற்பவர்கள், வேடிக்கை பார்க்கப் பாதிச் சந்தை.

வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"வந்துட்டியா? தளவாய் உள்ளறையில காத்திருக்கார். நீ மட்டும் வா."

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். தெரு கொள்ளாத கூட்டம். மேலே, சிறைச் சாளரத்தில் பூங்காவனத்தின் முகம்.

சிவக்கொழுந்து தோளிலிருந்து துண்டை எடுத்தாள்.

"இந்தாங்க அண்ணே, உங்க துண்டு."

பிறகு காவலனிடம், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அவரை வெளியே வரச் சொல்லு."