துல்லியமாகச் சுளை எண்ணியவர்

முன்னொரு காலத்தில் மகுடவர்மன் என்றொரு ராஜா மாங்குறிஞ்சி நாட்டை ஆண்டுவந்தான். மூக்கு நுனியில் கோபம். மகளுக்குப் பத்து நாளில் கல்யாணம். சம்பந்தி ஊர் வழக்கம் இருக்கிறதே, அது பெரிய வம்பு! பந்தியில் ஆளுக்கு இருபது பலாச்சுளை வைக்க வேண்டும். ஒரே ஓர் இலையில் குறைந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்.

"நம் வடக்கு, தெற்குத் தோப்புகளில் பழத்துக்குச் சராசரி எத்தனை சுளை? அதை வைத்துத்தான் ஆட்களை அழைக்க வேண்டும்" என்றான் ராஜா.

மந்திரி செங்கோடனார் சீட்டுக் குலுக்கி முப்பத்தாறு பழம் எடுத்தார், அறுத்தார், எண்ணினார்.

"நூறு, மகாராஜா. ஆறு ஏறும், ஆறு குறையும்."

"அதென்ன ஏறக்குறைய? சரியாகச் சொல்லும்!"

"இதே மாதிரி நூறு தடவை சீட்டெடுத்தால் தொண்ணூற்றைந்து தடவை உண்மையான சராசரி நாம் சொல்லும் ஏற்றக்குறைவு எல்லைக்குள் அகப்படும். ஐந்து தடவை தப்பும்."

சபையே ஆடிப்போனது. ராஜாவிடம் போய்த் தப்பும் என்று சொல்கிறாரே மனுஷர்!

"இன்னும் நிறைய அறுத்துப் பார்ப்பதுதானே?"

"சந்தேகத்தைப் பாதியாக்க நாலு மடங்கு பழம் அறுக்க வேண்டும். அறுத்தது பந்திக்கு ஆகாதே, மகாராஜா."

மந்திரி பதவிமேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த பச்சைமயிலார் துள்ளி எழுந்தார். "நான் துல்லியமாகச் சொல்கிறேன்! ஏறவும் ஏறாது, குறையவும் குறையாது!"

"செய்யும்!" என்ற ராஜா செங்கோடனார் பக்கம் திரும்பினான். "மந்திரி, உம் கணக்கில் ஓர் இலை குறைந்தாலும் உம் தலை போகும்!"

செங்கோடனார் சொன்னார்: "அப்படியானால் வடக்குத் தோப்பு அவருக்கு. தெற்கே ஆயிரம் பழம் இருக்கிறது, அது எனக்கு. பழத்துக்குத் தொண்ணூற்று நாலே சுளை என்று வைத்து நாலாயிரத்து எழுநூறு பேருக்கு இப்போது ஓலை போகட்டும். அவர் எண்ணி முடித்ததும் மேற்கொண்டு அழைக்கலாம்."

ஒன்பதாம் நாள் எல்லோரும் வடக்குத் தோப்புக்குப் போனார்கள். ஐயையோ! மரத்தில் ஒரு பழம் இல்லை. தரையெல்லாம் பிளந்து கிடக்கிறது, ஈ மொய்க்கிறது, அழுகல் வாடை குடலைப் புரட்டுகிறது. முழங்கை வரை பலாப்பால் ஒட்ட, பச்சைமயிலார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நூற்றொன்று, மகாராஜா! ஒரு பழம் விடவில்லை!"

ராஜா கேட்டான்: "பந்திக்கு... எத்தனை மிச்சம்?"

பச்சைமயிலார் அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஒன்றுமில்லை."

"ஏறக்குறையவா?"

"இல்லை, மகாராஜா. துல்லியமாக."

மறுநாள் கல்யாணம். கடைசிப் பந்தியின் கடைசி இலையருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் செங்கோடனார். இருபது சுளையும் விழுந்தன! கூடை கூடையாக மிச்சம் வேறு. அதைத் தலையில் சுமந்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் வேலை பச்சைமயிலாருக்குப் போனது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். திடீரென்று அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓய்! தப்பும் என்றீரே அந்த ஐந்து தடவை, அதில் ஒன்றாக இது இருந்திருந்தால்?"

"அதனால்தான், மகாராஜா, மாலை விழக் கழுத்து இருக்குமா என்று காலையிலிருந்து தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்."