கம்பளிப்பூச்சிக்கு ஒரு பட்டி

அந்த வருசம் கம்பளிப்பூச்சி காடுகாடாக ஊர்ந்து வந்து, பண்ணையார் திருவேங்கடத்தின் கடலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. அவரோ பூச்சி பக்கத்து நிலத்துக்காரி வெள்ளையம்மாவின் காட்டிலிருந்துதான் வந்தது என்று சொல்லி, அவளை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திவிட்டார்.

“உன் பூச்சிதானே மேய்ஞ்சது? ஈடா உன் காட்டை விட்டுக் கொடு.”

அந்தக் காடு போனால் அவளுக்குக் கஞ்சி இல்லை.

“என்னோட பூச்சிதாங்களா, சாமி?”

“சந்தேகமென்ன, உன்னோடதுதான்.”

“சரிங்க. பயிரை மேய்ஞ்ச மாட்டைப் பட்டியில அடைச்சா, சொந்தக்காரர் வந்து மீட்கிறவரைக்கும் அடைச்சவர்தானே தீனி போடணும்? அது நம்ம ஊர் வழக்கம். என் பூச்சியையும் அப்படியே பிடிச்சு அடைச்சு வைங்க. ஒண்ணுகூடச் சாகக் கூடாது. நான் அறுப்பு முடிஞ்சுதான் மீட்க வருவேன். அதுவரைக்கும் அதுகளுக்குப் பச்சைக் கடலைச்செடிதான் தீனி.”

யாரோ சிரிப்பை அடக்கிச் செருமினார்கள். பண்ணையார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பூச்சிக்கு ஏது சொந்தக்காரி? போய் உன் காட்டு வேலையைப் பாரு.”