பிச்சைக்கனி முதலாளியின் மைதானம் போன கதை

தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ராகு காலம் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. அது முடியும்வரை மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் காபியைக் குடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெண்ணின் அப்பா சுடலைமணிக்கு அது போதாத வேளை. "தட்டு மாத்துற வரைக்கும் வாயைத் திறக்காதீக. அதுக்கப்புறம் வானத்தை வில்லா வளைச்சுக்கோங்க" என்று அவர் மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். முதல் டம்ளர் காபி வரைக்கும் தாக்குப்பிடித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை செண்பகம்தான் கெடுத்தாள். "நீங்களும் எங்க தம்பியும் அந்தக் காலத்துல ஹாக்கி ஆடுனீகளாமே" என்று சும்மா கேட்டுவைத்தாள்.

தம்பி என்றது மாப்பிள்ளையின் அப்பா காசிராஜனை. கோவில்பட்டியில் அவர் இடிமுழக்கம் கிளப்பின் சென்டர் பார்வர்டு. சுடலைமணி புயல் கிளப்பின் கோல்கீப்பர். இரண்டு கிளப்புக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இரண்டுக்கும் வாய்த்தது ஒரே மைதானம். அது பருத்தி ஜின்னிங் மில் முதலாளி பிச்சைக்கனியுடையது. அவருக்கோ ஹாக்கி என்றாலே வேப்பங்காய்.

காசிராஜன் பேச்சுக் குறைந்த ஆள். ஓரமாக உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஆடினோமாவா" என்று சுடலைமணி துண்டை உதறித் தோளில் போட்டார். அடுக்களை வாசலிலிருந்து மனைவி முறைத்தது தெரிந்தது. என்ன செய்ய, வாய் கிளம்பிவிட்டது.

"எங்களைத் துரத்தணும்னு முதலாளி மைதானத்துக்கு நடுவுல சுவரை எழுப்பிட்டாரு. கிளப்புக்குப் பாதின்னு. பனைமர உசரம். நாங்க விட்டோமா? சுவருக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் இவுக. பந்து மேல போய் இறங்கும், சத்தத்தை வச்சே பிடிப்பேன். ஒரு பந்து ரொம்ப உசரமாப் போயிருச்சு. வெள்ளிக்கிழமை அடிச்சது, திங்கக்கிழமைதான் இறங்குச்சு. நான் நின்ன இடத்தை விட்டு அசையலை."

"சோறு தண்ணி?" என்றான் வெயிலுமுத்து. சுடலைமணியின் மச்சினன், அத்தான் பேச்சை அரைக்காசுக்கு நம்பாதவன்.

"பந்து மேல கண்ணு இருந்தா பசிக்காது மாப்ள. உனக்கு இலை மேல கண்ணு, அதான் பசிக்குது."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதாதா?

"சுவரு பலிக்கலைன்னதும் மைதானம் பூரா மிளகா வத்தலைக் காயப்போட்டாரு. அது மேலயே ஓடினோம். நெடி கிளம்பி ரெண்டு டீமும் ஒண்ணாத் தும்மினதுல அந்தச் சுவரு அப்படியே சாஞ்சிருச்சு. நடுவருக்கு வாயில விசில். அவரு தும்மின சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்டு, ஸ்டேஷன்ல நின்ன ரயில், கார்டு ஊதிட்டாருன்னு நினைச்சுக் கிளம்பிப் போயிருச்சு."

"அப்ப வத்தல்?" என்றாள் செண்பகம்.

"தூளாப் போச்சு. முதலாளி வீட்டுல அந்த வருசம் மிளகாப்பொடி திரிக்கவே இல்லை."

செண்பகம் சிரிக்கவில்லை. சுடலைமணிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் பாதியில் நிறுத்தினால் அதுவரை சொன்னது பொய் என்று ஆகிவிடாதா? மேலே போனார்.

"கோடையில தண்ணி தெளிக்க விடலை. கரிசல் பூமி, வெடிச்சிருச்சு. ஆள் இறங்குற அகலம். உங்க தம்பி அடிச்ச பந்து வெடிப்புல விழுந்து ஓடுது. கோல் ஆயிரக் கூடாதுன்னு மட்டையோட நானும் இறங்கிட்டேன். பூமிக்குள்ள துரத்துறேன், துரத்துறேன், கடைசியில வெளிச்சம் தெரியுது. பாத்தா முதலாளி வீட்டுக் கிணறு. முதலாளியம்மா இழுத்த வாளியில பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"அத்தான், கடுங்கோடையில அந்தக் கிணத்துல தண்ணி ஏது?"

"தண்ணி இல்லாமத்தான மாப்ள நான் பிழைச்சேன்."

சுடலைமணி குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில முதலாளி, 'நாளைக்கு ஏர் கட்டி உழுது பருத்தி போடப்போறேன், ரெண்டு கிளப்பும் ஓடுங்கலே'ன்னுட்டாரு. அன்னைக்குத்தான் நாங்களும் இவுகளும் முதமுதலா ஒண்ணா உக்காந்து பேசினோம். நிலம் அவருது, நியாயம். ஆனா மைதானம் யாருது? நாங்க மிதிச்சு மிதிச்சு உண்டாக்குனதுதான? அத்தனை பேரும் மட்டையை ஓரத்துல மாட்டி ஒரு இழு இழுத்தோம். கோரம்பாய் மாதிரிச் சுருண்டு வந்திருச்சு. கோல்போஸ்டு, சுண்ணாம்புக் கோடு எல்லாத்தோடயும். தோள்ல தூக்கி ரோட்டைத் தாண்டிப் புறம்போக்குல விரிச்சுப் போட்டோம். முதலாளிக்கு மிஞ்சினது பள்ளம். இன்னைக்கு ஊரே குளிக்குதே, அந்தக் குளம் பின்ன எப்படி வந்துச்சுன்னு நினைச்சீக?"

செண்பகம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தம்பி, நீயும் அங்க இருந்தவன்தான. இவுக சொல்றது நிசமா? பொய்னா இப்பவே எந்திரிச்சிருவோம். நாளைக்குப் பேரப்பிள்ளைக எல்லாம் இப்படிப் புளுகிட்டுத் திரியும்."

களத்தில் எத்தனையோ முறை காசிராஜனின் காலில் மட்டையைப் போட்டவர் சுடலைமணி. பழிதீர்க்கக் காசிராஜனுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. பெண்ணின் வாழ்க்கை அந்த மனுஷன் கையில் இருந்த பாதி முறுக்கில் தொங்கியது. அடுக்களை வாசல் பக்கம் திரும்பவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

காசிராஜன் முறுக்கை மென்று முடித்து, கையைத் தட்டிக்கொண்டார்.

"நிசந்தான் அக்கா. ஒரு முனையை நான்தான் பிடிச்சிருந்தேன். ராகு காலம் முடிஞ்சிருச்சு, நீ தட்டை எடு."

சுடலைமணிக்கு உயிர் வந்தது. வந்ததும் சும்மா இருந்தாரா? "கேட்டியா மாப்ள?" என்று வெயிலுமுத்து பக்கம் திரும்பினார்.

"ஒண்ணை மட்டும் விட்டுட்டீரே சம்பந்தி" என்றார் காசிராஜன், அதே குரலில். "சுருட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஆள் கிடக்கான்னு நாங்க பாக்கலை. புறம்போக்குல விரிச்சப்பதான் உள்ள இருந்து நீரு உருண்டு விழுந்தீரு. கண்ணைக் கசக்கிக்கிட்டு, 'எத்தனை கோல் போச்சு'ன்னு கேட்டீரு."