ஏன் என்று கேட்டவருக்கு ஒரு பாய்

வில்லவராயர் ஆண்ட கொடுங்குன்ற நாட்டில் ஓர் ஆராய்ச்சி மண்டபம் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஒருவர் வால்நட்சத்திரத்தை ஆராய்வார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே இன்னொருவர், அறுந்த பல்லிவால் எதற்காகத் துடிக்கிறது என்று கண்கொட்டாமல் குனிந்திருப்பார். பழைய மன்னர்களின் வரிச் சட்டத்தைப் படிப்பவருக்கு எதிரே, கொதிக்கும் பாயசத்தில் எந்தக் குமிழி முதலில் உடையும் என்று ஒருவர் கரண்டியோடு காத்திருப்பார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. பாயசம் மட்டும் எல்லோருக்கும் புரியும்.

மண்டபத்துக்கு விதி ஒன்றுதான். அரசரின் பாட்டனார் அதை நிலைப்படியில் வெட்டி வைத்திருந்தார்: 'அரசனோ ஆண்டியோ, இந்தப் படி தாண்டி "ஏன்" என்று கேட்டவர், விடை காணும்வரை இங்கேயே பாய் போட்டு உட்கார வேண்டும்.' அப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான் அத்தனை பேரும். தண்ணீர் குடிக்க வந்து, வாயை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு.

மண்டபத்தைக் கவனித்துக்கொண்டவர் அம்பலவாணர். சாதுரியப் பேச்சுக்குப் பேர்போன அரசவைக்காரர். அந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தின் மேல் அவருக்கு உயிர். பிரதான மந்திரி சிங்கமுத்துவுக்கோ அதைக் கண்டாலே எரிச்சல்.

அரசருக்குப் புதிதாக ஒரு கூட்டம் யானைகள் வந்து சேர்ந்தன. மந்திரி சமயம் பார்த்துத் தொடங்கினார்.

"மகாராஜா, யானைக்குக் கொட்டில் இல்லை. அந்த மண்டபத்தைக் கொட்டிலாக்கிவிடலாம். பல்லிவாலுக்கும் வால்நட்சத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? எதனால் யாருக்குப் பயன்?"

"இரண்டுக்கும் வால் இருக்கிறதே, மந்திரியாரே!" என்றார் அம்பலவாணர்.

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. "என் யானைகள் வெயிலில் நிற்கின்றன, அம்பலவாணரே!"

"விசாரிக்காமல் மூடலாமா, மகாராஜா? மண்டபத்தை அடியோடு வெறுக்கும் ஒருவர் போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும். மந்திரியாரே போகட்டுமே!"

"சரி. பொங்கலன்று தீர்ப்பு. பயனில்லை என்றால் மண்டபம் யானைக்கு. அதற்கு வக்காலத்து வாங்கிய நீர் நாட்டைவிட்டே போக வேண்டும்."

அம்பலவாணர் மண்டபத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேறு நாட்டில் சோறு கிடைக்கும். இந்தக் கூத்து கிடைக்குமா?

மந்திரி லேசுப்பட்டவரா? விதி தெரிந்தவர். வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாதென்று, வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு படி ஏறினார். பல்லிவாலைக் காட்டினார்கள். "ம்" என்றார். பாயசத்தைக் காட்டினார்கள். அதற்கும் "ம்"தான்.

உச்சி வேளையில் அம்பலவாணர் அவரை நல்லதம்பி என்பவருக்கு எதிரே உட்காரவைத்தார். "இவர் கொட்டாவியை ஆராய்கிறவர். நல்லதம்பி, உம் வேலையைப் பாரும்."

நல்லதம்பி நிதானமாக, ஆனந்தமாக, ஒரு கொட்டாவி விட்டார். மந்திரியின் தாடை நடுங்கியது. பல்லைக் கடித்தார். நல்லதம்பி இன்னொன்று விட்டார். மந்திரியின் வாய் ஆவென்று பிளந்தது. வெற்றிலை மடியில் விழுந்தது. மூன்றாவதற்கும் அப்படியே.

"யோவ்! நீர் வாயைத் திறந்தால் எனக்கு ஏனய்யா வருகிறது?" என்று கத்தினார் மந்திரி.

மண்டபமே நிமிர்ந்து பார்த்தது. பல்லிக்காரர்கூடத் தலை தூக்கினார். அம்பலவாணர் பணிவாக ஒரு பாயை விரித்தார்.

முதலில் மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக நல்லதம்பி பக்கம் நகர்ந்தார். பிறகு அங்கே வீணை நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்தவரை இழுத்துவந்து, "எந்த ராகத்துக்குக் கொட்டாவி அதிகம்?" என்றார். பாயசக்காரரிடம், "தயிர்ச்சோற்றுக்கும் புளியோதரைக்கும் ஒரே அளவா?" என்றார். வரிச் சட்டக்காரரையும் விடவில்லை. "வரி கட்டும்போது யாராவது கொட்டாவி விட்டதுண்டா?" தலைப்பாகை எங்கே போனதென்று அவருக்கே தெரியாது.

பொங்கல் வந்தது. "வெறும் வயிற்றோடு தீர்ப்புக் கேட்கக் கூடாது, மகாராஜா. விருந்தை முடித்துவிட்டு வாருங்கள்," என்று அம்பலவாணர் சொல்லியனுப்பினார். அரசர் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, சேனாபதியோடும் யானைகளோடும் வந்து படிக்கு வெளியே நின்றார்.

"மந்திரியாரே, தீர்ப்பு என்ன?"

தாடி மண்டிய ஓர் உருவம் ஓடிவந்தது. "தீர்ப்பா? அதை விடுங்கள், மகாராஜா! ஒரே ஒரு யானையை உள்ளே அனுப்புங்கள். மனிதன் கொட்டாவி அதற்குத் தொற்றுமா என்று பார்க்க வேண்டும்!"

"என் மந்திரியையே கெடுத்துவிட்டீர்களே!" அரசர் கோபத்தில் படி தாண்டி உள்ளே பாய்ந்தார். "அம்பலவாணரே, மூட்டையைக் கட்டும்!"

அம்பலவாணர் தலை வணங்கினார். "கட்டுகிறேன், மகாராஜா. மந்திரியாரின் ஆசையை மட்டும் நிறைவேற்றிவிட்டுப் போகிறேன்," என்று பாகனுக்குக் கை காட்டினார்.

யானை தலையை உள்ளே நீட்டியது. மந்திரி அதற்கு நேராக நின்று பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அது பாகனைத் தொற்றியது. உண்ட மயக்கத்தில் இருந்த அரசரையும் தொற்றியது. யானை ஒரு கணம் யோசித்தது. துதிக்கையைத் தூக்கிற்று. வாயைக் குகை மாதிரி திறந்து, சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டது.

"அடடே! இதற்கும் ஏன் வருகிறது?" என்றார் அரசர்.

அரசர் திரும்பி நிலைப்படியைப் பார்த்தார். பாட்டனார் வெட்டிய எழுத்தைப் பார்த்தார். குனிந்து தம் காலைப் பார்த்தார். அதற்குள் அம்பலவாணர் பாயை விரித்து, ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என் யானைகள்?" என்றார் அரசர், ஈனசுரத்தில்.

"அரண்மனை மாந்தோப்பில் நிற்கட்டும், மகாராஜா. அந்த நிழலை எந்தக் கொட்டில் தரும்? மண்டபம்தான் இனி உங்களுக்கே வேண்டுமே!"

அரசர் தொப்பென்று பாயில் உட்கார்ந்தார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மந்திரியும் சிரித்தார். வெளியே நின்ற சேனாபதிக்கு விஷயம் புரியவில்லை.

"ஜெயித்துவிட்டீர், அம்பலவாணரே! என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"ஒரு வண்டி பாய் வேண்டும், மகாராஜா. சீக்கிரம்! 'அரசர் ஏன் சிரிக்கிறார்' என்று கேட்டுக்கொண்டே சேனாபதி படி ஏறி வருகிறார்!"