ஆறு பேருக்கும் முதலிடம்

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதில் ஆறு டீம், ஆறு லீடர், அந்த ஆறு பேருக்கும் மேலே மேனேஜர் தர்மலிங்கம். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஜெசிந்தா என்றொரு பெண்.

ஒவ்வொரு டீமும் எழுதும் புரோகிராம், யார் எதை எப்போது மாற்றினார் என்ற விவரத்தோடு ஒரு ரெப்போவில் இருக்கும். எல்லா ரெப்போவையும் ஒரே சர்வரில் ஏற்றச் சொன்ன மேனேஜர், கூடவே ஒரு கட்டளையும் போட்டார்.

"ரெப்போ பட்டியல்ல தன்னோடதுதான் முதல்ல வரணும்னு ஆறு லீடரும் நிக்கறாங்க. ஆறும் முதல்ல வரணும். அதுக்கும் மேலே என்னோடது வரணும். திங்கட்கிழமைக்குள்ள முடியலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"முடிச்சிடலாம் சார். ஆனா அடுத்தவங்க ஸ்கிரீனை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது. செக்யூரிட்டி" என்றாள் ஜெசிந்தா.

யார் லாகின் செய்தாலும் அவருடைய ரெப்போவையே முதலில் காட்டும்படி சர்வரில் எழுதிவைத்தாள். ஆறு லீடர்களும் தனித்தனியே வந்து நன்றி சொன்னார்கள். பாவம், மற்ற ஐந்து பேரிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை முதலாளியம்மா வந்தார். தர்மலிங்கம் தன் லாகினிலேயே பெரிய திரையில் பட்டியலைத் திறந்து காட்டினார். ஆறு முகமும் சுண்டிப்போயின. முதல் வரியில் இருந்த தர்மலிங்கத்தின் பெயரை முதலாளியம்மா தட்டினார். உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லை.

"இதை யாரும்மா உச்சியில வச்சது?"

ஜெசிந்தா எழுந்தாள். "நான்தான் மேடம். எங்கே வைக்கணும்னு சார் சொல்லிட்டார். உள்ளே என்ன வைக்கணும்னு இன்னும் சொல்லலை."