இடது கை நாடி

"நயினாருக்கு மூணே வருஷம். எனக்குப் பதினாறு வருஷம். அவனுக்கு மட்டும் அப்படி என்னம்மா தனியாச் சொல்லிக் குடுத்தீங்க?"

பேச்சிமுத்து கேட்டேவிட்டான். கூடப் படித்த நயினார் பக்கத்து ஊரில் வைத்தியசாலை திறந்தபோது வாசலில் வாழை கட்டியவன் இவன்தான். அன்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கேள்வி.

ஆவுடையம்மாள் பாயில் கிடந்தாள். நாடி பிடித்து நோய் சொல்வதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு நிகர் இல்லை. சீடனைவிட இரண்டு வயது இளையவள். மூன்று வாரமாகக் கஞ்சியும் இறங்கவில்லை.

"அவன் எங்கிட்ட எதையும் கேக்கலை."

"நான் கேட்டதுதான் குத்தமா?"

அவள் இடது கையை நீட்டினாள்.

"பாரும்."

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தான். வழக்கம்போல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"நாடி கையில இருக்கு. நீர் எங்க பாக்கிறீர்?"

அவன் பார்வையை அவள் கைக்கு இறக்கினான்.

"நான் பாத்த கையைத்தான் பெறகு நீர் பாப்பீர். பித்தம்னா என் புருவம் சுருங்கும். கபம்னா உதட்டைக் கடிப்பேன். பதினாறு வருஷமா நீர் படிச்சது என் மூஞ்சியை."

"தப்பாச் சொன்னா ஒரு உயிர் போயிருமே அம்மா."

"அதுக்குப் பயந்துதான் நானும் உம்மைத் திருத்தாம விட்டுட்டேன். அது என் தப்பு."

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லும்."

"துணியை எடுங்கம்மா."

அவள் எடுக்கவில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நடுங்குவது அவள் கையா, தன் விரலா என்றும் தெரியவில்லை. தன் விரல் அடங்கும்வரை காத்திருந்தான்.

பிறகு, நடு விரலுக்குக் கீழே ஒன்று ஓடியது. நின்றது. ஓடியது. நின்றது.

அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று.

விரலை எடுத்துவிட்டான்.

"சொல்லும்."

"வேண்டாம்மா."

"நோயாளி கேக்கிறேன், வைத்தியரே."

அவள் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அஞ்சு நாள்" என்றான்.

முந்தானை மெல்ல ஏறி இறங்கியது. அதற்குள்ளே புருவம் என்ன செய்கிறது, உதடு என்ன செய்கிறது, எதுவும் தெரியவில்லை.

"சரியாம்மா? நான் சொன்னது சரியா?"

"அஞ்சு நாள் பொறும். தெரியும்."